லேபு பாய்க்கு இன்னொரு பெயர்

நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸில் திப்புவைத் தெரியாத வங்காளி இருந்தால், அவன் நேற்றுத்தான் விமானத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும். அவனையும் விமான நிலையம் போய்ப் பெட்டி படுக்கையோடு அழைத்து வந்தது திப்புவாகவே இருக்கும். மஞ்சள் டாக்ஸி ஓட்டுவது அவன் பிழைப்பு. டாக்ஸி ஓட்டும் நேரம் போக ஊர் வேலை பார்க்கிறானா, ஊர் வேலை போக மிச்ச நேரத்தில் டாக்ஸி ஓட்டுகிறானா என்பதில் அவனுக்கே தெளிவு கிடையாது. யாருக்குப் பிரசவ வலி, யாருக்கு வாடகை அறை வேண்டும், யார் வீட்டுக் கல்யாணத்தில் ஆட்டுக்கறி பற்றவில்லை, எல்லாவற்றுக்கும் முதல் போன் அவனுக்குத்தான். யாராவது இறந்துபோனால், உடலைப் பெட்டியில் வைத்து டாக்கா விமானத்தில் ஏற்றும்வரை கூடவே நிற்பவனும் அவன்தான்.

வங்காளதேசத்து ஃபெனி ஊர்க்காரன். விசா லாட்டரியில் பெயர் விழுந்து இளவட்டமாக வந்தவன். டோனட் கடையில் கொஞ்ச காலம், பெட்ரோல் பங்கில் கொஞ்ச காலம், கட்டட வேலையில் ஒரு குளிர்காலம் என்று எங்கேயும் நிலைக்காமல் கடைசியில் டாக்ஸியில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் அந்த வேலை அவனுக்கு ஒத்துப்போயிற்று. மனைவி நாஸ்மினும் இரண்டு பையன்களும் பஃபலோவில் இருந்தார்கள். நியூயார்க்கில் வீடு வாங்க முடியாதவர்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாக அங்கே போனபோது இவனும் ஒரு வீட்டை வாங்கிப் போட்டு, குடும்பத்தை அங்கே அனுப்பிவிட்டு, தான் மட்டும் டாக்ஸிக்காக இங்கே பலர் சேர்ந்து தங்கும் ஒரு பேஸ்மென்ட் மெஸ்ஸில் கட்டில் பிடித்துக்கொண்டான். மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போவான். போன மறுநாள் சாயங்காலமே ஃபிரிட்ஜைத் திறப்பான், மூடுவான், வாசலுக்குப் போவான், வருவான்.

"உங்களுக்கு வீடு வாங்கியிருக்கவே கூடாது. ஒரு பஸ் ஸ்டாண்டை வாங்கிக் குடுத்திருக்கணும்" என்பாள் நாஸ்மின்.

அவனுக்கு அதில் வருத்தமில்லை. ஒரு பெருமைதான். டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த வட்டாரத்துல எனக்குத் தெரியாத வங்காளி ஒருத்தனைக் காட்டு பாப்போம்" என்று சவால் விடுவான். யாரும் காட்டியதில்லை. காட்டியது அவன் பக்கத்துக் கட்டில்தான்.

அந்தப் புதன்கிழமை காலை திப்புவை எழுப்பியது ஒரு சத்தம் அல்ல, சத்தம் இல்லாததுதான். பக்கத்துக் கட்டில் லேபு பாய் ரூஸ்வெல்ட் அவென்யூ மூலையில் பழவண்டி போடுகிறவர். விடிவதற்கு முன்பே எழுந்து, தொண்டையைக் கனைத்து, குழாயைத் திறந்து, தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளூச் செய்வார். அந்தக் குழாய்ச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே பதினோரு வருஷம் தூங்கியாயிற்று. அன்றைக்குக் குழாயும் ஓடவில்லை, கனைப்பும் இல்லை. திப்பு தலையைத் தூக்கிப் பார்த்தான். கட்டிலில் போர்வை மடித்தது மடித்தபடி இருந்தது. ராத்திரி அவர் வந்து படுக்கவே இல்லை.

"மொக்லெஸ்! ஏய் மொக்லெஸ்! லேபு பாய் எங்க?"

எதிர்க் கட்டிலில் மொக்லெஸ் போர்வைக்குள்ளிருந்து முனகினான். ஒரு உணவகத்தில் சமையல் வேலை பார்க்கும் பாரிசால்காரன். சொந்தக் கல்யாணத்திலேயே பிரியாணியில் உப்பு குறைவு என்று சொன்னவன். "என்னைக் கேட்டா? நான் என்ன அவருக்குக் காவலா? நேத்து லீவுன்னு வெளிய கிளம்பிப் போனாரு. 'ஒரு வேலை இருக்கு, வந்துடறேன்'னாரு."

"எங்க போனாரு?"

"அவரு என்னிக்குச் சொல்லியிருக்காரு, நேத்து சொல்றதுக்கு?"

திப்பு போன் போட்டான். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பழவண்டிகளை நிறுத்தும் கொட்டகைக்குப் போன் போட்டான். லேபுவின் வண்டி எடுக்கப்படாமல் நிற்பதாகச் சொன்னார்கள். காய்ச்சலோடும் மழையோடும் வண்டி தள்ளிப் போகிற மனுஷன்! திப்பு பல் கூடத் துலக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

போலீஸுக்குப் போகலாம் என்ற எண்ணம் வாசலிலேயே செத்தது. லேபு பாயின் குடியேற்றக் காகிதம் இன்னும் கேஸில் கிடக்கிறது. இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும் என்று அவர் ஊருக்கே போகாமல் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். மெஸ்ஸில் இன்னும் இரண்டு பேருக்குக் காகிதமே கிடையாது. பேஸ்மென்ட் வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றால் கட்டடமே காலியாகிவிடும். அதனால் நேராகப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான்.

விசாரணை மேஜையில் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்ட ஒரு அம்மாள் இருந்தாள். அமைதியான குரல்.

"நோயாளி பேரு சொல்லுங்க சார்."

"லேபு."

"அது முதல் பேரா? கடைசிப் பேரு?"

திப்பு வாயைத் திறந்தான். "பாய்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

அந்த அம்மாள் அக்கறையாகத் தட்டிப் பார்த்தாள். லேபு பாய் என்று யாரும் இல்லை. "வேற பேரு ஏதாவது இருக்கா? பிறந்த தேதி?"

திப்பு போனில் இருந்த போட்டோவைக் காட்டினான். போன ஈதுக்கு மெஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து எடுத்தது. லேபு பாய் ஓரமாக, பாதி முகம் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் மறைந்து நின்றார்.

"போட்டோவை வச்சு நான் தேட முடியாது சார். பேரு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நீங்க அவருக்குச் சொந்தமா?"

"கூடப் பொறந்தவன் மாதிரி" என்றான் திப்பு. சொன்னதும் காது சூடாயிற்று. கூடப் பிறந்தவனுக்குப் பெயர் தெரியாதா?

இதில் அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஆட்களுக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர். வீட்டுப் பெயர் குழந்தை எதைப் பிடித்து அழுததோ, எந்த நிறத்தில் பிறந்ததோ, அதைப் பார்த்து வைப்பது. லேபு என்றால் எலுமிச்சை. கண்ணாடி போட்ட பேராசிரியர்கூட எங்களுக்குப் பொம்மைதான், மாங்காய்தான். பள்ளிக்கூடத்துப் பெயரை நல்ல பெயர் என்போம். அதைப் பண்டிகை வேட்டி மாதிரி பெட்டியில் மடித்து வைத்திருப்போம். சக மனுஷனிடம் போய், "உங்கள் நல்ல பெயர் என்ன?" என்று கேட்டால், என்னவோ சம்பந்தம் பேச வந்தவன் என்று நினைப்பார்கள். எனவே யாரும் கேட்பதில்லை. திப்புவின் நல்ல பெயர் எனாமுல் கபீர். அதையும் ஜாக்சன் ஹைட்ஸில் யாரும் கேட்டதில்லை.

எழுபத்து மூன்றாம் தெரு டீக்கடையில் அந்த நேரத்துக்கு எப்போதும் ஒரு கூட்டம் ஷிங்காரா சமோசாவைப் பிய்த்துக்கொண்டு உலக அரசியலைத் தீர்த்துக்கொண்டிருக்கும். திப்பு உள்ளே நுழைந்து, மூச்சு வாங்க, "லேபு பாயோட முழுப் பேரு யாருக்காவது தெரியுமா?" என்றான்.

"நம்ம பழவண்டி லேபுவா? தெரியாமலா? லியாகத் அலி."

"லியாகத்தா? உளறாத. லுத்ஃபர். லுத்ஃபர் ரஹ்மான்."

"லேபுன்னா லானாவுலதான் ஆரம்பிக்கணும்னு எந்தச் சட்டம் சொல்லுது? என் தம்பி பேரு கோபி, நல்ல பேரு ஷம்சுல்."

"எதுக்குக் கேக்கற திப்பு? ஏதாவது பொண்ணு பாக்கறியா அவருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். திப்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனுஷனை ராத்திரிலேருந்து காணோம்யா! பல்லைக் காட்டாதீங்க!"

சிரிப்பு நின்றது. அவரவர்க்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். லேபு பாய் அழுகிய பழத்தை யார் தலையிலும் கட்டமாட்டார். குரிகிராம்காரர், அந்தப் பக்கத்து ஆள் இங்கே அவர் ஒருவர்தான், வேறு யாரிடமும் விசாரிக்க முடியாது. வண்டி உரிமம் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. பள்ளிவாசல் இமாமுக்கும் அவர் லேபு பாய்தான். இப்படி எல்லோரும் எல்லாம் சொன்னார்கள், பெயரைத் தவிர.

திப்பு வெளியே வந்து ரயில் பாலத்தின் அடியில் நின்றான். மேலே ஏழாம் நம்பர் ரயில் தடதடத்துப் போனது. அவனுக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. தொழுகை முடிந்ததும் இமாம், "அப்துஸ் ஸபூர் மியா இறைவனிடம் சேர்ந்தார்" என்று அறிவித்தார். யாரோ எவரோ என்று எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். திப்பு பக்கத்தில் இருந்தவனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். யாரோ ஒருத்தர் ஓடி வந்து, "அட, நம்ம மொண்டுடா!" என்று கத்தியபிறகுதான் அந்தக் கூடமே ஐயோ என்றது. பெட்டியின் மேல் ஒட்டுவதற்காகத் திப்பு தன் வாயால் எழுத்துக் கூட்டிச் சொன்ன பெயர்கள் எத்தனை! யோசித்தால், இந்த ஊரில் அவனுக்கு நல்ல பெயர் தெரிந்த ஆட்கள் எல்லாம் செத்தவர்கள்தான். லேபு பாயின் பெயரும் அப்படித்தான் தன் காதுக்கு வரப்போகிறதா என்று பயந்தான். அப்படிப் பயந்தவன் நின்ற இடத்தில் நிற்பானா? இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியை ஓட்டினான். இரண்டிலும் அதே கேள்வி, அதே திருதிரு முழிப்பு.

மெஸ்ஸுக்குத் திரும்பி வந்தபோது மொக்லெஸ் வேலைக்குக் கிளம்பாமல் லேபு பாயின் கட்டிலடியைக் குடைந்துகொண்டிருந்தான்.

"காகிதத்தை எல்லாம் இடுப்புப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரியறாரு மனுஷன். ஒரு துண்டுச் சீட்டு கெடையாது இங்க. தபாலும் பழைய வீட்டு விலாசத்துக்கே போகுதாம். இந்தப் பெட்டி ஒண்ணுதான். பூட்டலை. திறக்கவா?"

"திற."

திறந்தார்கள். மேலாக ஒரு சிவப்பு ஸ்வெட்டர், பத்து வயசுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும். அதற்குக் கீழே எட்டு வயசுக்கு ஒரு கவுன். அதற்கும் கீழே ஐந்து வயசுக்கு ஒன்று. ஒவ்வொரு வருஷமும் கேஸ் முடிந்துவிடும், ஊருக்குப் போய்விடலாம் என்று மகள் துலிக்கு வாங்கி வைத்தவை. எதுவும் இனி அவளுக்குப் பற்றாது. ஓரத்தில் சோப்புக் கட்டிகள், ஒரு பாட்டில் முகப் பூச்சு, பெண்கள் போடும் கம்பளிச் சால்வை ஒன்று. சால்வையில் இன்னும் விலைச் சீட்டு தொங்கியது.

மொக்லெஸ் மூக்கை உறிஞ்சினான். "இதைப் போயா நான் போன மாசம் எடஞ்சல், எடஞ்சல்னு கத்தினேன்?" என்றான். பெட்டியை அவனே மூடி, கட்டிலடியில் மெதுவாகத் தள்ளினான்.

"ஃபேஸ்புக்ல போட்டோவைப் போட்டுடலாமா?" என்றான் திப்பு.

"போட்டா? அவரு சம்சாரத்தோட தம்பி காலையில எந்திரிச்சதும் பாப்பான். அந்தம்மா கொல்லையில விழுந்து மண்டைய ஒடச்சுக்கும். வேண்டாம்."

அப்போது நாஸ்மின் போன் செய்தாள். காலையிலிருந்து அவள் மூன்று தடவை அழைத்ததைத் திப்பு கவனிக்கவே இல்லை.

"இன்னிக்கு யாருக்காக ஓடறீங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

சொன்னான். குரல் உடைந்தது. "பதினோரு வருஷம் நாஸ்மின். ஒரே அறை. அவரு சுட்ட ரொட்டியைத் தின்னுருக்கேன். எனக்கு டைபாய்டு வந்தப்போ பக்கத்துல உக்காந்து விசிறினவரு. பேரு கேக்கலைடி நான்! ஊர்ல இருக்கற நாய்க்கெல்லாம் ஓடினேன், பக்கத்துல படுத்திருந்தவர் பேரைக் கேக்கலை!"

நாஸ்மின் கேலி செய்யவில்லை. "அழாதீங்க. அவங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க. நம்பர் இருக்கா?"

இருந்தது. போன வருஷம் லேபு பாயின் போன் உடைந்தபோது திப்புவின் போனிலிருந்துதான் ஊருக்குப் பேசினார்.

"ஆனா ஒண்ணு" என்றாள் நாஸ்மின். "குரிகிராம் பக்கம் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. நான் உங்களை ஏய் திப்புன்னு கூப்பிடறேன்னு எல்லாரும் அப்படின்னு நெனச்சுடாதீங்க. பக்குவமாக் கேளுங்க. பயமுறுத்திடாதீங்க."

குரிகிராமில் அப்போது இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். முதல் மணியிலேயே லேபு பாயின் மனைவி எடுத்துவிட்டாள். திப்புவுக்கு அவள் அண்ணி முறை, பாபி.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாபி. திப்பு பேசறேன், நியூயார்க்லேருந்து."

"வஅலைக்கும் ஸலாம், வஅலைக்கும் ஸலாம். நல்லா இருக்கீங்களா திப்பு பாய்? துலியோட அப்பா எங்க? ரெண்டு நாளா போனே வரலை."

"அவர் போன் தண்ணியில விழுந்துடுச்சு பாபி. ரிப்பேருக்குக் குடுத்திருக்கு."

"நெனச்சேன்! கையில ஒரு பொருள் தங்குமா அவருக்கு? போன தடவை ஒடச்சாரு, இந்தத் தடவை முக்கிட்டாரு." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திப்புவுக்குக் கண்ணை இருட்டியது.

"ஒரு சின்ன விஷயம் பாபி. இங்க நம்ம ஊர்க்காரங்க சமிதியில எல்லாருக்கும் கம்பளி குடுக்கறாங்க. முழுப் பேரு குடுத்தாத்தான் தருவாங்களாம். லேபு பாயோட நல்ல பேரு என்ன?"

"அவருகிட்டயே கேக்கறதுதானே?"

"வண்டிகிட்ட இருக்காரு. நான் வேற பக்கம் இருக்கேன். இப்பவே குடுக்கணும்."

"ஐயோ, நீங்க ஒண்ணு! நான் எப்படி அந்தப் பேரைச் சொல்லுவேன்?" வெட்கத்தில் அவள் குரல் சின்னப் பெண்ணினுடையது போலாயிற்று. "கல்யாணத்தப்போ காஜி கேட்டாரு, அப்பகூட எங்க மாமாதான் சொன்னாரு. காலையில என் தம்பியை விட்டுச் சொல்லச் சொல்றேனே."

"காலையில ஆகாது பாபி. துலி இருக்காளா பக்கத்துல?"

"அவ தூங்கிட்டா. நாளைக்குப் பரீட்சை."

"கொஞ்சம் எழுப்புங்களேன். எழுப்பிக் கேட்டுச் சொல்லுங்க."

போனில் தவளைச் சத்தமும் எங்கோ ஒரு மோட்டார் ஓடுவதும் கேட்டன. திப்பு தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். காரியத்தைக் கெடுத்தாயிற்று என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு கம்பளிக்காகவா தூங்கற பொண்ணை எழுப்பச் சொல்றீங்க?" என்றாள். சிரிப்பு போயே போய்விட்டது.

"பாபி..."

"திப்பு பாய், என் தலையில அடிச்சு உண்மையைச் சொல்லுங்க. பேரு எதுக்கு? பெட்டி மேல எழுதறதுக்கா?"

"இல்ல பாபி! அல்லா மேல ஆணையா இல்ல! எனக்கே தெரியாது. நேத்து வெளிய போனாரு, வரலை. ஆஸ்பத்திரியில தேடறேன். லேபுன்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியலை. பேரு தெரிஞ்சா கண்டுபிடிச்சுடுவேன். உயிரோடதான் இருப்பாரு. பேரு மட்டும் சொல்லுங்க."

அவள் மூச்சு விடுவது கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது, எழுந்து போகிறாள் போலும். ஒரு கதவு சாத்தப்பட்டது.

"துலியை எழுப்ப மாட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "அப்பன் பேரை அவ வாயால இதுக்காக நான் வாங்க மாட்டேன். நானே சொல்றேன். எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்க பாபி."

"முஹம்மது... தொஃபஸல்... ஹுசைன்..." ஒவ்வொன்றையும் முள்ளை மிதித்துக் காலைத் தூக்கி வைப்பது போலச் சொன்னாள். "பேபாரி." பிறகு, எழுதினவன் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று பயந்தவள் போல, முழுதாக, உரக்க, இன்னொரு முறை சொன்னாள். "முஹம்மது தொஃபஸல் ஹுசைன் பேபாரி." சொல்லி முடித்ததும் வெடித்து அழுதாள். திப்பு எதையும் எழுதவே இல்லை. ஆனால் அந்தப் பெயர் இனிமேல் அவனுக்கு மறக்குமா?

டாக்ஸியில் வாய் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தொஃபஸல் ஹுசைன், தொஃபஸல் ஹுசைன். முதலில் போன ஆஸ்பத்திரிதான் பக்கம், அங்கிருந்தே மறுபடி ஆரம்பிப்போம் என்று போனான். அதே அம்மாள், அதே தலைமேல் கண்ணாடி. எழுத்து எழுத்தாகச் சொன்னான். அவள் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கீழே இறக்கி மறுபடி பார்த்தாள்.

"இருக்காரு. நாலாவது மாடி."

"உயிரோடவா?"

"நாலாவது மாடியில நோயாளிங்கதான் சார் இருப்பாங்க" என்றாள் அவள், மெல்லச் சிரித்து. "போங்க. லிஃப்ட் அந்தப் பக்கம்."

காலையில் இதே மேஜை முன்னால் இவன் முழித்துக்கொண்டு நின்றபோது, தலைக்கு மேலே நாலு மாடி தள்ளி அவர் படுத்திருந்திருக்கிறார்! லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் திப்பு படி ஏறினான்.

ஜன்னலோரக் கட்டிலில் லேபு பாய் படுத்திருந்தார். மார்பில் வயர்கள். மூக்கில் குழாய். தாடி எண்ணெய் இல்லாமல் பறந்தது. திப்புவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"படுங்க! அசையாதீங்க! யோவ், என்னய்யா இது, சொல்லாம கொள்ளாம!" திப்பு அவர் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ரயில் பிளாட்பாரத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிச்சு. விழுந்துட்டேன்" என்றார் லேபு பாய். குரல் கரகரத்தது. "உள்ள என்னவோ வச்சு அடைப்பை எடுத்தாங்களாம். போன்ல சார்ஜ் இல்ல. ஒரு நம்பரும் மனப்பாடம் இல்ல. காலையில நம்ம பாஷை தெரிஞ்ச ஒருத்தர் வந்தாரு. திப்புகிட்ட சொல்லுங்கன்னேன். திப்பு முழுப் பேரு என்னன்னாரு. எனக்கு எங்கடா தெரியும்?"

திப்பு அழுதுகொண்டே சிரித்தான். "எனாமுல் கபீர்."

"நல்லா இருக்கே!" என்றார் லேபு பாய் ஆச்சரியமாக. பிறகு, "சரி, நீ என்னை எப்படிக் கண்டுபிடிச்ச? என் பேரு உனக்குத் தெரியாதே" என்றார்.

"பாபி சொன்னாங்க."

"துலி சொன்னாளா?"

"இல்ல. பாபிதான். துலியை எழுப்ப மாட்டேன்னுட்டு அவங்களே சொன்னாங்க."

லேபு பாய் அவனையே பார்த்தார். வயர்களுக்கு நடுவே அவர் மார்பு ஏறி இறங்கியது. "பொய் சொல்லாத. அவ சொல்ல மாட்டா."

"ரெண்டு தடவை சொன்னாங்க. தெளிவா. ஒரு எழுத்து பிசகலை."

"எப்படி... எப்படிச் சொன்னா?"

அதைத் திப்புவால் எப்படிச் சொல்லிக் காட்ட முடியும்? அவன் போனை எடுத்து, இமோ செயலியில் வீடியோவோடு அழைத்தான். திரையில் முதலில் ஒரு கூரை தெரிந்தது, பிறகு ஒரு முழங்கை, பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மூடிய ஒரு முகம். அழுது வீங்கிய கண். திப்பு போனை லேபு பாய் பக்கம் திருப்பினான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். ஏன் தனியாகப் போனீர், ஏன் போனுக்குச் சார்ஜ் போடவில்லை, நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா, நான் இங்கே ஒருத்தி இருக்கிறேன் என்ற நினைப்பு உண்டா, உமக்கு வந்த மாரடைப்பு எனக்கு வந்திருக்கலாம் என்று மூச்சு விடாமல் திட்டினாள். லேபு பாய் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெல்லக் கேட்டார்.

"என் பேரைச் சொன்னியாமே?"

அவள் தலைப்பை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"திப்பு கேட்டிருக்கான். நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு தடவை சொல்லேன். இங்க யாரும் இல்ல. இவன் காதைப் பொத்திக்குவான்."

"மாட்டேன்."

"ஒரே தடவை."

"மாட்டேன்னா மாட்டேன்." அவள் குரல் நடுங்கியது. "அதைச் சொல்லும்போது உங்களை நான் பெட்டிக்குள்ள பாத்துட்டேன். முகம் மூடியிருந்துச்சு. அந்தப் பேரு இனிமே என் வாயில வராது, என் கழுத்தை அறுத்தாலும் வராது. உயிரோட கண்ணு முன்னாடி இருக்கற மனுஷனை எதுக்குப் பேரு சொல்லிக் கூப்பிடணும்?"

லேபு பாயின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. திப்புவுக்கு வெளியே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் போனைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. கை வலித்தது. அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தாள்.

"சாப்பிட்டீங்களா, துலியோட அப்பா?"

"இன்னும் இல்ல" என்றார் லேபு பாய்.